பதினோரு ‘ம்’ தெரிந்தவர்

“ஒரு பொண்ணு ‘ம்’னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். அவளுக்கே தெரியலைன்னாலும் எனக்குத் தெரியும்.”

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதும் நம் வசனகர்த்தா, தமக்கு நடந்த பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படி முழங்கினார். அரங்கமே கைதட்டியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் தட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து, உண்மையாகவே அப்படித்தானா என்று விசாரித்தார். மனைவி “ம்” என்றார்.

வசனகர்த்தா சொன்னதை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. கையில் ஆவணம் இருந்தது. குரல் பதிவு அறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில், அவர் கைப்படவே எழுதிய பட்டியல் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ‘ம்’ மொத்தம் பதினோரு வகை. முதலாவது, கதை கேட்கும் ‘ம்’. இரண்டாவது, கேள்வி ‘ம்’. மூன்றாவது, சம்மத ‘ம்’. நான்காவது வெட்கத்தோடு சம்மதம், ஐந்தாவது கோபம் மாதிரித் தெரிகிற சம்மதம், ஆறாவது அழுகைக்கு நடுவே சம்மதம். இப்படியே போய், பதினோராவதாகப் பெருமூச்சில் முடியும். வசனத் தாளில் ‘ம்-6’ என்று எழுதினால் போதும். குரல் கொடுக்கும் பெண்கள் புரிந்துகொள்வார்கள். இதனால் நாளொன்றுக்கு அரை மணி நேரம் மிச்சமாவதாக அவர் சொல்லிக்கொள்வார். மிச்சமான நேரத்தில் இந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுவார்.

நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த அவருடைய தொடரின் வில்லனை எல்லோரும் ‘முதலாளி’ என்றே அழைத்தார்கள். முதலாளி தன் காரியதரிசியின் அண்ணனைக் கண்காணாத கிளைக்கு மாற்றுவான். அவள் ராஜினாமாக் கடிதத்தைக் கிழிப்பான். அவள் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பான். நேயர்கள் உருகிப் போனார்கள். நமக்கு இப்படி ஒரு முதலாளி வாய்க்கவில்லையே என்று கடிதம் கடிதமாக எழுதினார்கள். வசனகர்த்தாவோ, தம் வில்லன் உத்தமன் என்று சாதித்தார். அவன் எவளையும் வற்புறுத்தியதே கிடையாதாம்; கேட்பானாம்; அவள் ‘ம்’ என்ற பிறகுதான் அடுத்த காட்சியே வருமாம்.

திரையில் காரியதரிசியாக நடித்தவர் ஒரு நடிகை. குரல் வசனகர்த்தாவின் மனைவியுடையது. இருபத்தாறு வருஷங்களுக்கு முன், வாய்ப்புத் தேடி அதே பதிவு அறைக்குப் புதிதாக வந்தவர் அவர். அங்கேதான் வசனகர்த்தா அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டார். அவர் சொன்ன பதிலை, கேட்காத பேட்டிகளிலும் வசனகர்த்தா சொல்லுவார். பதில் ‘ம்’. வகை, நான்கு.

பாராட்டு விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு அழைப்பு வந்தது. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் நிலையம் ஒன்று, அவர் மனைவியைத் தினமும் வந்து நாவல்கள் வாசிக்கச் சொல்லிக் கேட்டது. வீட்டுக்கு வரும் வேலை அழைப்புகள் எல்லாம் வசனகர்த்தாவின் கைப்பேசிக்கே வரும். அது அந்த வீட்டு ஏற்பாடு. சாப்பிடும்போது விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவரே தொடர்ந்தார்.

“உனக்கெதுக்கு அந்த அலைச்சல்? நம்ம தொடர் பத்தாதா?”

“ம்.”

மறுநாள் அவர் நிலையத்துக்கு ஃபோன் செய்து, அவளுக்கு விருப்பமில்லை என்று தெரிவித்தார். அந்த நிலையத்து அம்மாளோ விடாக்கண்டர். அதை மனைவியின் வாயாலேயே கேட்டால் தேவலை, சனிக்கிழமை வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்றார். இந்தக் காலத்தில் மனிதருக்கு மனிதர் நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று வசனகர்த்தா வருந்தினார். மனைவியிடமும் சொல்லி வருந்தினார். அவர் அதற்கும் “ம்” என்றார்.

வியாழக்கிழமை பதிவு. காட்சி இதுதான்: முதலாளி லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்துகிறான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். “என்னைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?” என்கிறான். காரியதரிசி (திரையில் முதுகு மட்டும் தெரிகிறது): ம்-3.

மனைவி “ம்” என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையை ஆட்டவில்லை. இரண்டாவது தடவை, ஐந்தாவது தடவை, ஒன்பதாவது தடவை. ஒவ்வொன்றும் நடுங்கிக்கொண்டே வந்தது.

“சம்மத ‘ம்’ கேட்டேன். நீ என்ன, பேயைப் பார்த்த மாதிரி சொல்றே?” என்றார் வசனகர்த்தா.

“வேற மாதிரி வர மாட்டேங்குதுங்க. லிஃப்ட் நிக்குது. சாவி அவன் பையில. இவ வேலை, இவ அண்ணன் வேலை ரெண்டும் அவன் கையில.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பட்டியல்ல, மறுக்கிற ‘ம்’ எத்தனாவது?”

வசனகர்த்தா சிரித்தபடி பட்டியலைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் பார்த்தார். ஒலிப்பதிவாளர் உதவ நினைத்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“சம்மதம் மட்டும் எட்டு இருக்கு சார். மறுப்பு இல்லை.”

“மறுக்கணும்னா ‘வேண்டாம்’னு சொல்லிட்டுப் போறா. வாய் இருக்கில்ல?”

“வாய் இருக்குங்க,” என்றார் மனைவி. “வசனம்தான் நீங்க எழுதலை.”

மனைவியே தொடர்ந்தார்: “இருபத்தாறு வருஷம் முன்னாடி, இதே ரூம்ல நீங்க என்னைக் கேட்டப்பவும் கதவு சாத்தித்தான் இருந்தது. அப்போ, அடுத்த வாரம் எனக்கு வேலை உண்டா இல்லையான்னு முடிவு பண்றவரும் நீங்கதான்.”

மைக் திறந்தே இருந்தது. ஒலிப்பதிவாளருக்குத் திடீரென்று தம் மூக்குக்கண்ணாடியில் ஏராளமான தூசி தென்பட்டது.

வசனகர்த்தா தாளை வாங்கி ‘ம்-3’ஐ அடித்தார். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக, நீயே சொல் என்று மனைவியிடம் கையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“முதல்ல லிஃப்டைத் திறங்க சார். அப்புறம் கேளுங்க.”

ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. காட்சி ஒளிபரப்பானதும், பாவம் முதலாளியின் மனசு என்ன பாடுபடும் என்று இருநூறு பேர் கண்டித்து எழுதியது தனிக்கதை.

சனிக்கிழமை காலை, நிலையத்தின் எண்ணைத் தேடி எடுத்து, கைப்பேசியை மனைவியின் முன் வைத்தார் வசனகர்த்தா. “நீயே பேசு” என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவு என்னவோ உறுத்தவே, எழுந்து வந்து திறந்து வைத்தார்.

மனைவி பதினோரு நிமிஷம் பேசினார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். எந்த மாதிரி நாவல்கள் வேண்டாம் என்றும் சொன்னார். இனிமேல் தன் சார்பில் வேறு யார் பதில் சொன்னாலும் அது தன் பதில் இல்லை என்றார். அத்தனை பேச்சிலும் ஒரு ‘ம்’ கூட இல்லை.

வசனகர்த்தா வந்து எதிரே உட்கார்ந்தார். மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“அன்னைக்கு, கல்யாணத்துக்குக் கேட்டப்ப, நீ சொன்ன ‘ம்’… சம்மதம்தானே?”

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். அவசரமே இல்லாமல், “ம்” என்றார்.

வசனகர்த்தா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதிவு அறைச் சுவரிலிருந்து அவரே உரித்து வந்த பட்டியல். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார். நாலாக மடித்தார்.

“தெரியலை,” என்றார்.