சுவரில் இல்லாத வேலை

லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றின் சரக்கறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வந்திறங்கும் ஒவ்வொரு பிரேக் கட்டையின் தடிமனையும் அளந்து, ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்ததைத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. எவரும் கற்றுத்தரவில்லை, பழைய கையேட்டை அகராதியின் துணையோடு படித்து நானே கற்றேன்.

மகளின் பிரசவத்துக்காக மூன்று நாள் விடுப்பில் இருந்தேன். அந்த மூன்று நாளில்தான் ஆலோசகர் ஒருவர் வந்து, எங்கள் வேலைகள் அனைத்தையும் மஞ்சள் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டி, அம்புக்குறியால் இணைத்து, அந்தப் படத்தைக் கணினியிலும் ஏற்றிவிட்டார். 'சரக்கு வந்தது' என்பதிலிருந்து 'சரக்கு போனது' என்பதற்கு ஒரே அம்பு. நடுவில் நான் இல்லை. விடுப்புக் கடிதத்தின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது.

மறுவாரமே நாற்பது கட்டைகள் வந்தன. அளந்தேன்: நாலரை மில்லிமீட்டர். திருப்பி அனுப்பக் கணினியில் வழியில்லை. 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தான் மட்டுமே இருந்தது. ஆலோசகரிடம் போனேன்.

"சார், அளக்குற வேலையை விட்டுட்டீங்க."

"படத்துல இல்லையேண்ணே."

"படத்தைப் பாத்தா சார் லிஃப்ட் நிக்குது?"

"கோவிச்சுக்காதீங்க. மாற்றப் படிவம் கொடுங்க. அந்த வேலைக்குப் பொறுப்பானவங்க கையெழுத்து வேணும்."

"பொறுப்பு நான்தான்."

"படத்துல உங்க பேர் இல்லையே!"

மூன்று படிவங்கள் கொடுத்தேன், மூன்றும் திரும்பின. செக்குமாடாவது சுற்றியதற்கு எண்ணெயைக் காட்டும்.

"பேசாம பொத்தானை அமுக்கிட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"அந்த லிஃப்ட்ல யாரு ஏறுவாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. பேரனையாவது ஃபைல்ல போட்டு வைக்காம இருங்க."

சுவரிலிருந்த படத்தையும் கையேட்டைப் போலவே வரிவரியாகப் படித்தேன். மூன்று நாள் பொத்தானை அமுக்காவிட்டால் விஷயம் பொது மேலாளருக்குப் போகும் என்று ஒரு மூலையில் இருந்தது. அமுக்கவில்லை.

நான்காம் நாள் பொது மேலாளரே இறங்கி வந்தார்.

"என்னய்யா, ஒரு பொத்தானை அமுக்க மூணு நாளா?"

அளவியை அவர் கையில் கொடுத்தேன். ஒன்றை அளந்தார், இன்னொன்றை அளந்தார். ஐந்தாவதோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாத்தையும் திருப்பி அனுப்பு."

"கணினியில வழியில்ல, சார்."

வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். நாற்பதும் அன்றே திரும்பிப் போயின, நகல் என்னிடம்.

மறுவாரம் சுவரில் புதிய மஞ்சள் தாள் முளைத்தது: 'தடிமன் அளத்தல். பொறுப்பு: பொது மேலாளர்.' வெள்ளைத்தாளில் இருந்த கையெழுத்து அவருடையதாம். அளப்பவன் இன்றும் நான்தான்; அளந்ததும் அவரைத் தொலைபேசியில் பிடித்து, "அமுக்குங்க, சார்" என்று கெஞ்சுவதும் நான்தான்.

என் பெயரைச் சேர்க்கக் கோரி நான்காவது படிவம் எழுதியிருக்கிறேன். பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டுமாம். பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்.