ரத்தத்தில் ஏறியது

மூன்று தடவை ரத்தம் எடுக்கணும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்தே எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் ஒன்று. என் வீட்டுக்காரிக்கு ரத்தம் கம்மி என்று சொல்லித்தான் முந்தின நாள் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். ஒரு கையில் ஏற்றுகிறார்கள், இன்னொரு கையில் எடுக்கிறார்கள். தண்ணி ஊறாத கிணற்றில் மோட்டார் போட்ட கதையாக இருக்கிறதே என்று எனக்குள்ளேயே முனகிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், டாக்டர்களிடம் என்னத்தைப் பேசுவது?

எங்களுக்கு வடக்கனந்தல் பக்கம். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் கொட்டகையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் கொண்டுவந்து சேர்த்தோம். அவளுக்கு வயது அறுபத்தாறு. சர்க்கரை இருக்கிறது, அதுவும் பதினைந்து வருஷமாக.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகத்தான் சொன்னார்.

"எலும்பைச் சரி பண்ணிடலாங்க. எனக்கு இவங்க இருதயத்தைப் பத்திதான் யோசனை. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல இருதயம் அடிபடலாம். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமப் போயிடும். ஆனா இருதயச் சதை அடிபட்டா அதுலேருந்து ஒரு பொருள் ரத்தத்துல கசியும். டிரோபோனின்னு பேரு. அது ஏறுதான்னு பாக்கத்தான் மூணு தடவை எடுக்கிறோம். புரியுதுங்களா?"

தலையை நன்றாக ஆட்டினேன். ஆனால் அவர் பேசிய நேரமெல்லாம் என் கண் அவள் கையில் ஏறிய ஊசிமேல்தான் இருந்தது. நரம்பு கிடைக்காமல் இரண்டாவது தடவை குத்தினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னதில் பாதி அங்கேயே சிந்திப்போய்விட்டது. போகிறபோது அவர் சொன்ன இன்னொரு பேச்சு மட்டும் பத்திரமாக மனசில் உட்கார்ந்துகொண்டது. "ஆபரேஷன் முடிஞ்சி ரத்தம் கொஞ்சம் ஏறட்டும். அப்புறம் வீட்டுக்கு அனுப்புறதைப் பத்திப் பேசலாம்."

அன்று மதியம் மச்சான் வந்தான். அவளுடைய தம்பி, வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறான். மாதுளம்பழமும் பேரீச்சம்பழமும் ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தான்.

"இன்னா டெஸ்டாம் மாமா?"

"என்னவோ சொன்னாங்கப்பா. டிரோ... டிரோப..."

"துரோபதையா?"

கட்டிலில் கிடந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் இடுப்பு வலித்து, "அடப் பாவி, சிரிக்க வெச்சே கொல்லாதடா" என்று முகத்தைச் சுளித்தாள்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "ஆத்தா பேரை வெச்சி விளையாடாதே."

"நானா வெச்சேன்? டாக்டருங்க வெச்ச பேரு மாமா."

"துரோபதைன்னா தீ மிதிக்கணும்டா" என்றாள் அவள். "என் காலு இருக்கிற லட்சணத்துக்கு உங்க மாமன்தான் மிதிக்கணும்."

மறுநாள் காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஆனாலும் எனக்கு உட்கார முடியவில்லை. வார்டிலிருந்து ரத்தப் பரிசோதனை கவுண்டருக்கு நடப்பேன். அங்கே ஒரு காரியமும் இருக்காது. திரும்பி வார்டுக்கு வருவேன். தோளில் இருந்த துண்டை எத்தனை தடவை உதறித் திரும்பப் போட்டேனோ தெரியாது. நடக்க நடக்க வாய் மட்டும் ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தது. ரிஷிவந்தியத்து சாமிதான் எங்களுக்கு எல்லாம். பெண்டாட்டியைத் தன் உடம்பில் பாதியாக வைத்திருக்கிற சாமிக்கு என் பாடு தெரியாதா? "ஏறணும் சாமி. ஏறட்டும் சாமி. ஏறிட்டா அவளையும் கூட்டிக்கினு வந்து தேன் அபிஷேகம் பண்றேன்." படிக்கட்டில் ஒரு படிக்கு ஒரு "ஏறணும்".

அதற்கு மறுநாள் விடிந்ததும் இரண்டாவது ரத்தம் எடுத்துப் போனார்கள். பதினொரு மணி இருக்கும். சிஸ்டர் கையில் காகிதத்தோடு வேகமாக வந்தவர் என்னைப் பார்த்து, "ஐயா, உங்க பேஷண்டுக்கு ஏறியிருக்கு. டாக்டர் வந்துகினு இருக்காங்க, எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்.

ஏறியிருக்கு. எனக்கு அது மட்டும்தான் கேட்டது. இருந்த இடத்திலேயே ரிஷிவந்தியம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஏம்மே, ஏறிடுச்சாம்!"

"அப்ப வூட்டுக்குப் போலாமா? செவலை கன்னு போடுற நேரம். நீ இங்க குந்திகினு இருக்கற, அங்க யாரு பாக்கறாங்களோ."

"டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்களே, ஏறினா அனுப்பறேன்னு."

மச்சானுக்குப் போன் போட்டேன். ஜீப்பை வாசலுக்கே கொண்டுவரச் சொன்னேன், பின்னால் மெத்தை போடச் சொன்னேன், அப்படியே அரைக் கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொள் என்றேன். மகளுக்குச் சொன்னேன். சம்பந்தி வீட்டுக்குச் சொன்னேன். பிளாஸ்க்கு, டம்ளர், சேலை எல்லாவற்றையும் பையில் திணித்தேன். அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தலையை வாரி முடிந்துகொண்டாள். காலைக் கீழே தொங்கப்போடப் பார்த்தாள். நான் தாங்கிப் பிடித்தேன். ஆமாம், நான்தான் பிடித்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மச்சான் வந்து பால்கோவாவைப் பிரித்தான். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். சிஸ்டர் திரும்பி வந்தார். அவருக்கும் நீட்டினேன்.

"இன்னாங்கய்யா இது, எதுக்கு சுவீட்டு?"

"நீங்கதானே சொன்னீங்க, ஏறியிருக்குன்னு!"

அவர் பால்கோவாவையும் பார்த்தார், கட்டி வைத்திருந்த பையையும் பார்த்தார், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஐயா, ஏறினது ரத்தம் இல்லீங்க. இருதயத்துக்குப் பாத்தமே, அது. அது ஏறக் கூடாதுங்க." சொல்லிக்கொண்டே அவளைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தார். "அம்மா, அசையாதீங்க. கொஞ்ச நேரம் அப்பிடியே படுங்க."

என் கையில் பால்கோவா நசுங்கிப்போயிருந்தது.

அதற்குள் டாக்டரம்மாவும் வந்துவிட்டார். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு சீட்டு எடுத்தார்கள். வேறொரு மிஷினை உருட்டிக்கொண்டு வந்து நெஞ்சில் பசை மாதிரி தடவிப் பார்த்தார்கள்.

"நெஞ்சு வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"பாரமா, அடைக்கிற மாதிரி?"

"ஒன்னும் இல்லீங்க."

"மூச்சு வாங்குதா?"

"எனக்கு வாங்கலீங்க. இவருக்குத்தான் வாங்குது, பாருங்க."

டாக்டரம்மா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "இருதயத்துக்கு அடி பட்டிருக்கு. சின்னதுதான். சின்னதுன்னு விட்டா பெருசாகலாம். மாத்திரை ஆரம்பிக்கிறோம். இந்த டெஸ்டு எடுக்கலன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. நாளைக்கு எடுக்கிறதுல இன்னும் ஏறுதா இறங்குதான்னு பாக்கணும்."

"பொழைச்சிக்குவாளாங்க?"

"பயப்படாதீங்க. ஆனா நாளைக்கு வரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

மானிட்டர் இருக்கிற அறைக்கு மாற்றினார்கள். சுவரோரம் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் மானிட்டரில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்க்கத் தோன்றியது. வெளியே போய் நின்றேன். மச்சான் ஜீப்பில் போட்டிருந்த மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் ஒரு தமாஷும் சொல்லவில்லை.

எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. ஏறணும் ஏறணும் என்று ஆயிரம் தடவை கேட்டவன் நான்தானே? எது ஏறணும் என்று ஒரு தடவையாவது முழுசாகச் சொன்னேனா? சாமி நான் கேட்டதையே கொடுத்துவிட்டாரோ? இப்போது இறங்கணும் என்று கேட்டால், ஏற்றின ரத்தமும் சேர்ந்து இறங்கிவிட்டால்? கும்பிடக் கை எழுந்தது, வாய் எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாற்பத்திமூன்று வருஷமாக விளக்கேற்றிக் கும்பிட்ட எனக்கு அன்று சாமியிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

சாயந்திரம் அவளிடம் இதைச் சொல்லிவிட்டேன். அடக்கிக்கொள்ள முடியவில்லை.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சாமி இன்னா லேபுல வேலை பாக்கறாரா, நீ சொன்னதை அப்பிடியே எழுதிகினு போறதுக்கு? பால்கோவா குடுத்த உன் புத்திதான் அவருக்கும் இருக்குமா?"

"இல்லமே..."

"போ, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. நீ இங்க நடந்து நடந்து எனக்குத் தலை சுத்துது."

டீ குடிக்கவில்லை. கடை வரைக்கும் போய்த் திரும்பினேன்.

மூன்றாவது ரத்தத்தின் முடிவு மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அதே சிஸ்டர்தான் வந்தார். இந்தத் தடவை நின்று, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "ஐயா. இருதயத்துக்குப் பாத்தது. நேத்து ஏறியிருந்தது. இன்னிக்குக் கொறைஞ்சிருக்கு. கொறைஞ்சா நல்லது." நான் அதையே இரண்டு தடவை அவரிடம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். கோபப்படாமல் சொன்னார்.

மேலும் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். செவலை கன்று போட்டபோது நாங்கள் வீட்டில் இல்லை. மாத்திரை வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். காலைக்கு, ராத்திரிக்கு என்று தனித்தனி டப்பாவில் போட்டு நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் காட்டப் போனோம். வாக்கர் பிடித்து அவளே நடந்தாள். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். கிளம்பும்போது என்னிடம், "ஒன்னு ஞாபகம் வெச்சிக்கோங்க. வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. இவங்களுக்கு வலி வராமலே இருக்கலாம். அசதியா இருந்தா, வேர்த்தா, சும்மா ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னாக்கூட கூட்டியாந்துடுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. வெயிலுக்கு எனக்கும்தான் வேர்த்திருந்தது.

"எதுனா பண்ணுதா?"

"ஒன்னும் பண்ணல."

கொஞ்ச தூரம் போனதும் திரும்பக் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாய்யா, ஏறினதுலேருந்து என் மூஞ்சியவே பாத்துகினு வர்ற? அதுல எதுனா எழுதியிருக்கா?"

"ஒன்னும் எழுதல."

"அப்ப வெளிய பாரு."

பார்த்தேன். கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ் அதைத் தாண்டுகிறவரைக்கும் கூட என்னால் வெளியே பார்க்க முடியவில்லை.