வளாக நிலையத்தில் இறங்கிய அம்மா

மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள நிலையத்தில்தான் எனக்கு அதிகம் பயணிகள் கிடைக்கிறார்கள். பக்கத்து ஊரான செனாயில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது, கைப்பேசிச் செயலியில் அழைக்கும் இ-ஹெய்லிங் கார் ஓட்ட வந்தேன். ஏறுபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு பேசாமல் வருவார்கள்.

பொங்கல் முடிந்த வாரம், மின்படிக்கட்டில் ஏறப் பயந்து சாதாரணப் படியில் இறங்கி வந்தார் ஓர் அம்மா. கையில் ஒரு பெரிய துணிப்பை. என் சிலுவைச் சங்கிலியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தமிழாம்மா நீங்க?"

"ஆமாக்கா. எங்க போகணும்?"

அவர் சிகாமட் என்ற ஊரில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். மகன் இங்கே பொறியியல் மூன்றாம் ஆண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பரீட்சை என்று வீட்டுக்கு வரவில்லையாம். "அவன் வரலன்னா நான் போறேன்னு கிளம்பிட்டேன். போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான், கிளாஸ்ல இருப்பான்" என்றார்.

வளாகத்துக்குள் மாணவர் விடுதி வரை போனோம். காவலர் மகனின் பெயரைக் கேட்டு, கணினியில் தேடி, அப்படி யாரும் இல்லை என்றார். அந்த அம்மா கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு மலாய் மாணவன் எட்டிப் பார்த்து, மலாயில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இவன் என் அறைத் தோழனா இருந்தவன். போன வருஷமே படிப்பை நிறுத்திட்டான். உங்களுக்குத் தெரியாதா, ஆன்ட்டி?"

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் பையனிடம் "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டுக் காருக்கு வந்தார். பெல்ட்டை மாட்டாமலே உட்கார்ந்தார். நான்தான் மாட்டிவிட்டேன்.

"ஸ்டேசனுக்கே போலாம்மா."

நிலையத்தின் வெளியே இருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். செயலியில் வந்த அடுத்த பயண அழைப்பை நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "உங்க போன்லேர்ந்து அடிக்கிறீங்களா? என் நம்பர்னா எடுக்க மாட்டான்."

அடித்தேன். உடனே எடுத்தான்.

"தம்பி, உங்கம்மா யூனிவர்சிட்டி ஸ்டேசன்ல இருக்காங்க. எல்லாம் தெரிஞ்சிருச்சு. கோபமா இல்ல."

கோபமா இல்லையா என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவன், "தனியாவா வந்தாங்க?" என்றான். "நான் கூட இருக்கேன்" என்றேன். "வந்துர்றேன்க்கா. விட்டுட்டுப் போயிராதீங்க."

வேலைக்கு நடுவிலேயே மோட்டார் சைக்கிளில் வந்தான். கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. அம்மாவுக்கு எதிரே, கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டான். அடி விழும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

"ஏன்டா சொல்லல?"

"ரெண்டு செமஸ்டர் பெயிலாயிட்டேன்மா. எனக்கு அந்தப் படிப்பு ஏறவே இல்ல. நீங்க கோயில்ல, ஸ்கூல்ல, எல்லார்கிட்டயும் இஞ்சினியர் இஞ்சினியர்னு சொல்லிட்டீங்க. எப்படி வந்து நிப்பேன்?"

"சொன்னவ நான்தானே? நானே மாத்திச் சொல்லிக்கிறேன். அதுக்காக ஒரு வருஷமா என் முகத்தப் பாக்காம இருப்பியா?"

அவன் தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் அழுதான். அம்மா எழுந்து போய் கவசத்தின் பட்டையை அவிழ்த்தார். ரயிலில் இருந்து இறங்கிய மாணவர்கள் அவர்களைச் சுற்றி விலகிப் போனார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார் கண்ணாடியைத் துடைத்தேன்.

அன்று மாலை ரயிலில் அவர் திரும்பவில்லை. "எங்க தங்கியிருக்கான்னு பாக்கணும்" என்றார். அவன் மோட்டாரில் முன்னால் போக, நாங்கள் காரில் பின்னால் போனோம். செனாயில் நாலு பேர் சேர்ந்து எடுத்த அடுக்குமாடி வீடு. அதன் படியேறும்போதே, "துணிய எங்கடா காயப் போடுறீங்க?" என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார். ஊரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் பேசுனாங்க லா. அப்புறம் பக்கத்து வீட்டுல ஒரு கல்யாணம் வந்துச்சு."

மகன் வார இறுதிகளில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறானாம். அது பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "தெரியலம்மா. ஆனா இப்பல்லாம் போன் அவனேதான் அடிக்கிறான்" என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டு, செனாய் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.