பக்கத்துப் பெட்டியில் மாஹே

சனிக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு நான் வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. "உங்க பாஷை எங்க பாஷைக்குப் பொறந்த பொண்ணு. அதனால நான் சொல்றதத்தான் நீ கேக்கணும்" என்றேன். மாடி வீட்டு ஷைனி ஸ்கிப்பிங் கயிற்றைக் கீழே போட்டாள்.

"அப்ப நான் எங்க ஊருக்கே போறேன்."

அவள் ஊர் மாஹே. கேரளக் கடற்கரையில் இருந்தாலும் அதுவும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். அங்கே அரசு நர்ஸாக இருந்த அவள் அம்மாவுக்குப் புதுச்சேரி நகருக்கு மாற்றலாகி, ரெட்டியார்பாளையத்தில் எங்கள் மாடிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

தமிழாசிரியரான என் அப்பா, அந்தக் காலத்தில் மேற்குக் கரையிலும் தமிழே பேசினார்கள், நடுவில் மலை நின்றதால் மெல்ல மெல்ல அது வேறு மொழியானது, ஆகவே மலையாளம் மகள்தான் என்பார். ஷைனியின் அம்மா விடமாட்டார். "மகள் இல்ல மாஷே, கூடப் பொறந்தவ. அம்மா வேற ஒருத்தி, அவங்க பேரு ரெண்டு பேருக்கும் தெரியல." டீ ஆறும்வரை இது நடக்கும். அவர்கள் சிரித்தது என் காதில் விழவில்லை. அப்பா ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு மாடியில் ஷைனியும் இல்லை, அவள் துணிப்பையும் இல்லை. அவள் அம்மா டியூட்டி முடிந்து வர ஆறாகும். அதற்குள் அவளைக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வழி எனக்குத் தெரியும். சமூக அறிவியல் புத்தகத்தில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒரே பக்கத்தில் நான்கு பெட்டிகளாக இருந்தன. மாஹே எங்களுக்கு இடப்பக்கத்துப் பெட்டி. இடது என்றால் மேற்கு. மேற்கே போவது வில்லியனூர் சாலை. புத்தகத்தோடு நடந்தேன்.

மூலக்குளத்தில் பூட்டிய கடையொன்றின் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பு அறுந்திருந்தது. அவளும் அதே பக்கத்தை நம்பித்தான் வந்திருந்தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்டி?"

"கொஞ்சந்தான் இருக்கும். ஆனா நீ வீட்டுக்கு வா."

"மாட்டேன். நான் உனக்குப் பொறந்தவளா?"

"இல்ல. அக்கா தங்கச்சின்னே வெச்சிக்கலாம்."

"யாரு அக்கா?"

"நீயே இருந்துட்டுப் போ!"

அதற்கும் அவள் எழவில்லை. நானும் அவளை விட்டுப் போவதாயில்லை. என் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தெருவிளக்கு எரியத் தொடங்கியது.

கடைசியில் அப்பாவின் டிவிஎஸ் வந்து நின்றது. பின்னால் யூனிபார்மோடு ஷைனியின் அம்மா. அடி விழுமுன் நான் புத்தகத்தை நீட்டினேன். "பக்கத்துலதானே ஆன்ட்டி இருக்கு?"

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்த கோட்டின்மேல் அவர் விரலை வைத்தார். தாள் கிழிகிற மாதிரி அழுத்தினார். கோபம் என்றுதான் அன்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து, போன வாரம் என் மகளின் பள்ளி வேன் நாற்பது நிமிடம் தாமதமானபோது, டிரைவரின் எண்ணை நானும் அப்படித்தான் அழுத்தினேன். அது கோபமில்லை.

"இந்தக் கோட்டுக்குள்ள ஒரு ராத்திரி பஸ்ஸும், ஒரு பெரிய மலையும் இருக்கு மோளே" என்றார் அவர். பிறகு அப்பா வாய் திறக்கும் முன், "மகளோ தங்கச்சியோ, ரெண்டும் மொதல்ல வண்டில ஏறுங்க."