மெத்தை ஏறாத வண்டி

சவுக்காரத் தண்ணீரில் துணி கொதிக்கிற வாசம்... அது எங்கே வந்தாலும் நான் ஆறு வயதுப் பையனாகிவிடுவேன். இப்போது யார் துணியைக் கொதிக்க வைக்கிறார்கள், மெஷினில் போட்டு ஒரு பட்டன். ஆனாலும் தொண்ணூறு தாண்டிய இந்த மூக்குக்கு மறதி கிடையாது.

முப்பதுகளில் கோயமுத்தூருக்குப் பிளேக் வரும், போகும், திரும்பவும் வரும். தெருவில் ஓர் எலி செத்து விழுந்தால் போதும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டில் சாளை என்கிற ஓலைக் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கிவிடுவோம். மாதக்கணக்கில். நீங்களெல்லாம் கேம்பிங் என்று போட்டோ போடுகிறீர்களே, நாங்கள் அதை உயிருக்குப் பயந்து செய்தோம்.

அப்பாவுக்குப் பருத்தி வியாபாரம். அக்கா, நான், கைக்குழந்தைத் தம்பி என்று நாங்கள் மூன்று பேர். வீட்டுச் சாவிக்கொத்து அப்பாவின் அக்கா இடுப்பில் இருக்கும். அத்தை ஒன்று சொன்னால் அப்பாவே எதிர்த்துப் பேச மாட்டார். அம்மா வாய் திறப்பதே அபூர்வம்.

பக்கத்துச் சந்தில் எலி விழுந்த அன்று முனிசிபாலிட்டி ஆள் தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனார். எலி மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டு வருகிறது, துணியிலும் பஞ்சிலும் ஒளிந்துகொள்ளும், கொதிக்கிற தண்ணீரில்தான் சாகும் என்று. தெருவே கேட்டது. தெருவே அவசர அவசரமாக மூட்டை கட்டியது.

அம்மா மட்டும் மூட்டை கட்டவில்லை. புழக்கடையில் அடுப்பு மூட்டி, இருந்த துணி அத்தனையும் கொதிக்க வைத்தார். கயிற்றுக் கட்டில் மேல் கொதிதண்ணீர் ஊற்றினார். என் பம்பரத்தையும் பிடுங்கிப் போட்டு ஒரு கொதி விட்டதில் அது சாயம் போய் வெளுத்துவிட்டது. நான் அழுத அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

காய்ந்த துணியெல்லாம் பூச்சி புகாத பித்தளைத் தவலைகளுக்குள் போனது. ஆளுக்கு ஒரு தவலை. மூடியில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு என்றால் அக்காவுடையது, இரண்டு என்றால் என்னுடையது, மூன்று தம்பிக்கு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சாமான்களில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். போய் இறங்கியதும் வேண்டிய ராந்தல், தீப்பெட்டி, குடிதண்ணீர், தம்பிக்குப் பால் புகட்டும் சங்கு, இதெல்லாம் வண்டியில் கடைசியாக ஏறியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்போதுதான் அத்தை மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தம்பிக்காக அத்தையே பஞ்சு கொட்டித் தைத்த சின்ன மெத்தை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மழைக்காலம், ஈரத் தரை, பச்சைக் குழந்தை. சளி பிடித்தால் காட்டில் எந்த டாக்டரைத் தேடுவது?

மெத்தை வண்டியில் ஏறியது. பஞ்சை எப்படிக் கொதிக்க வைப்பது?

அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "ஏனுங்க... மெத்தை வண்டியில ஏறுனா நா ஏறலீங்க. புள்ளைகளும் ஏறாதுங்க."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. அப்பா அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். பிறகு அவரே மெத்தையை இறக்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்.

சிங்காநல்லூர்ப் பக்கம் தெரிந்தவர் தோட்டக் காட்டுக்கு வண்டி கிளம்பியது. எல்லார் வண்டியும் மூட்டைகளோடு சத்தமில்லாமல் போக, எங்கள் வண்டி மட்டும் பாத்திரக்கடை ஊர்வலம் போல் கணகணவென்று போனது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பல நாள் அம்மாவோடு பேசவில்லை.

சாளையில் தம்பிக்கு மெத்தை அம்மாதான். மழை ராத்திரிகளில் அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். அவன் ஒரு தும்மல் போட்டால் அத்தை அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். அம்மா கலங்கினாரோ என்னவோ, எங்களுக்குக் காட்டவில்லை. இத்தனைக்கும் அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருந்திருக்காது.

நாங்கள் எல்லாரும் திரும்பி வந்தோம். எங்கள் தெருவில் சில வீடுகள் திறக்கவே இல்லை.

பூட்டைத் திறந்து வீட்டுக்கு மருந்தடித்த முனிசிபாலிட்டி ஆட்கள் மெத்தையை எரித்துவிட்டிருந்தார்கள். அத்தைக்குத் தாங்கவில்லை. அதில் பூச்சி இருந்ததா என்று அப்பா யார் யாரிடமோ விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. ஒன்றுமில்லாத மெத்தைக்குத்தான் இத்தனை பாடா என்று அத்தை கேட்டபோது அம்மா மெல்லச் சொன்னார்.

"ஒண்ணும் இல்லாமயே இருந்திருக்கட்டுங்க. அதத் தெரிஞ்சுக்கறதுக்குப் புள்ளைங்கள வெச்சா பாக்கறதுங்க?"

அத்தை தம்பியை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை சாவிக்கொத்து அம்மா இடுப்பில் இருந்தது.

போன வாரம் என் பேத்தி, இதை நான் சொல்லச் சொல்ல டைப் செய்கிறவள்தான், குடும்பத்தோடு வால்பாறைப் பக்கம் டென்ட் போட்டுத் தங்கக் கிளம்பினாள். டென்ட், ஸ்டவ், ஐஸ் பெட்டி, காற்றடிக்கும் மெத்தை... கார் பிதுங்கியது. குழந்தை உட்காரும் சீட்டுக்கு இடமில்லை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டால் போயிற்று, இதோ இருக்கிற வால்பாறைதானே என்றார் மாப்பிள்ளை.

பேத்தி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு காருக்கு வெளியே நின்றாள். "சீட்டு ஏறலைன்னா நான் ஏறல. பாப்பாவும் ஏற மாட்டா."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். காற்று மெத்தை கீழே இறங்கியது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் அம்மாவை இவள் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை, இந்தக் கதையும் அன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதே நிற்பு, அதே பார்வை, அதே வார்த்தை...

'ங்க' மட்டும்தான் இல்லை.