கழுநீர்த் தொட்டியில் கரைத்த யூரியா

பேச்சியம்மாளின் பசுவைச் சாகவிட்டவன் நான். இத்தனை வருடங்களில் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வைக்கோலில் யூரியா கரைசலைத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் மாட்டுக்கு எளிதில் செரிக்கும். முக்கூடல் பக்கத்து ஊர்களில் அதைச் செய்துகாட்டுவது என் உத்தியோகம்.

அன்று பேச்சியம்மாளின் தொழுவத்தில் கழுநீர்த் தொட்டி காலியாகக் கிடந்தது. அதிலேயே கரைக்கப் போனேன்.

"அதுல மாடு குடிக்கும்லா சார். அண்டா எடுத்துத் தாரேன்."

"படிச்சவன் சொல்லுதேன், சும்மா இரும்மா."

"நீங்க படிச்சிருக்கீக. மாடு படிக்கலையே சார்" என்று சிரித்தாள்.

கரைத்துவிட்டு, மோர் குடிக்க அவள் வீட்டுக்குள் போனேன். திரும்பி வந்தால், பசுவின் முகம் தொட்டிக்குள் இருந்தது. தினமும் குடிக்கும் இடம்... அது வேறென்ன செய்யும்? இழுத்துக் கட்டினேன். எஞ்சிய கரைசலை அவசரமாக வைக்கோலில் தெளித்தேன். யாரும் பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் பசுவின் உடம்பு நடுங்கியது. வாயில் நுரை. வயிறு ஊதியது. மாட்டு டாக்டர் வந்தார்.

"மாடு யூரியாத் தண்ணி குடிச்சிட்டுதா சார்? குடிச்சிருந்தா வினிகர் ஊத்திப் பாக்கலாம். கையில இருக்கு."

'ஆமாம்' என்ற ஒரே சொல்! என் நாக்கு ஏன் எழவில்லை? வேலை போய்விடுமோ... ஊரார் அங்கேயே கட்டிவைத்து அடிப்பார்களோ...

"இல்ல டாக்டர். அவ்வளவையும் வைக்கோல்ல தெளிச்சாச்சு."

அவர் என்னை நம்பினார். வேறு மருந்து கொடுத்தார். பசு கால்களை உதைத்துக்கொண்டே என்னைப் பார்த்தது. அல்லது, பார்த்ததாக நான் நினைக்கிறேனா? பொழுது சாய்வதற்குள் செத்துவிட்டது.

பேச்சியம்மாள் அழவில்லை. தொட்டியின் உள்விளிம்பை விரலால் தடவி முகர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

சில வருடம் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். செத்த பசுவின் கன்று வளர்ந்து, ஈன்றிருந்தது.

"வைக்கோலுக்கு அந்த மருந்து தெளிக்கணும் சார். நீங்களே வரணும். வேற ஆளு வேண்டாம்."

நம்பிக் கூப்பிட்டாளா? தெரிந்துகொண்டு கூப்பிட்டாளா? அவள் முகத்தில் எதுவும் தென்படவில்லை. வருகிறேன் என்றேன். போகவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, தாமிரபரணியைத் தாண்டிவிட்டேன்.

இப்போதும் வாசலில் ஒரு பெண்குரல் "சார்" என்று கூப்பிட்டால், நான் உடனே கதவைத் திறப்பதில்லை. ஜன்னலோரம் ஒதுங்கி நின்று, யாரென்று பார்க்கிறேன்.