பல கண் பூதம்

ரொறன்ரோவில் அண்ணை வீட்டு மேசையில் அவருடைய மகன் கட்டைவிரல் அளவுப் பூதப் பொம்மை ஒன்றுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தான். இனாமல் பெயின்ற் மணம் மூக்கில் ஏறியதும் நான் நினைவில் யாழ்ப்பாணத்து இணுவிலுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சித்தப்பா லண்டனிலிருந்து எனக்கு ஓர் ஈயப் பூதம் அனுப்பியிருந்தார். உருண்டை உடம்பின் நடுவே ஒரு பெரிய கண். தலையில் புழுக்களாக நெளியும் காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் கண். அப்பாவின் சைக்கிளுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை, அம்மா விளக்குக்கென்று பொத்திவைத்த மண்ணெண்ணெயில் கரைத்தேன். என் தலைமயிரையே ஈர்க்கில் கட்டி, கண் கண்ணாகத் தீட்டினேன்.

"பள்ளிக்கூடத்திலை காட்டிப்போட்டுத் தாறன்" என்று அண்ணை வாங்கிப்போனார்.

அவருடைய பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். மேசையில் என் பூதம் இருந்தது. அதன் கீழே அண்ணையின் பெயர்.

"உந்தக் கண்ணெல்லாம் ஆர் கீறினது, தம்பி?" என்று வாத்தியார் கேட்டார்.

அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் சேர்."

"அப்பா, அது நான்..."

"ஆக்களுக்கு முன்னாலை வாய் காட்டாதை, பிள்ளை" என்று அப்பா என்னை அதட்டிவிட்டு அண்ணையின் தோளில் தட்டிக்கொடுத்தார். அதன்பிறகு நான் எதற்கும் நிறம் பூசியதில்லை.

"நானும் சின்னனிலை உப்பிடியொண்டு தீட்டிப் பரிசு எடுத்தனான்" என்று இப்போது அண்ணை மகனிடம் சொன்னார். "வேணுமெண்டால் மாமியைக் கேள்" என்று என்னைக் கைகாட்டினார்.

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அவரே அதை நம்பிவிட்டிருந்தார்.

"அதைத் தீட்டினது நான்" என்றேன்.

"மாமி பகிடி விடுறா" என்று அண்ணை சிரித்தார். பிள்ளையும் சிரித்தான்.